வண்டி ஏன் சொன்னபடி திரும்ப மாட்டேங்குது? குட்டி ஆர்சி ரேஸ் கார் டியூனிங், முதல் பாடம்

கீழ் வீட்டுப் பையன் எட்டாவது படிக்கிறான். போன சனிக்கிழமை சாயங்காலம் ரிமோட்டில் ஓடுகிற தன் குட்டி ரேஸ் காரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். “அங்கிள், நேரா விட்டா லெஃப்ட்லயே இழுக்குது. திருப்பினா பின்னாடி சுத்திடுது. வேற மோட்டார் போட்டா சரியாயிடுமா?” என்றான். “மோட்டாரைத் தொடாதப்பா, முதல்ல உள்ள வா” என்று உட்கார வைத்து, சாப்பாட்டு மேசையில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்தேன். துண்டு எதற்கு என்றால், இந்த வண்டியின் திருகுகள் உளுத்தம்பருப்பு அளவுதான் இருக்கும். வெறும் மேசையில் வைத்தால் உருண்டு கீழே போய்விடும், அப்புறம் டார்ச் அடித்துத் தேடினாலும் கிடைக்காது. துண்டில் விழுந்தால் விழுந்த இடத்திலேயே கிடக்கும்.

புதிதாக வண்டி வாங்கிய எல்லோருக்கும் முதலில் தோன்றுவது மோட்டார்தான். வேகம் போதவில்லை, மோட்டாரை மாற்றுவோம் என்று. ஆனால் வளைவில் நிற்காத வண்டிக்கு வேகமான மோட்டார் போட்டால் இன்னும் சீக்கிரமாகச் சுவரில் போய் மோதும், அவ்வளவுதான் நடக்கும். டியூனிங் என்பது நான்கு டயர்களும் தரையை எப்போது, எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற வேலை. இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற சொற்கள் எல்லாம், கேம்பர், டோ, டிஃப் எல்லாம், தானாகப் புரிய ஆரம்பிக்கும்.

நான் பேசுவது 1/28 அளவு வண்டிகளைப் பற்றி. ஜப்பானின் கியோஷோ நிறுவனம் 1999-ல் கொண்டுவந்த மினி-ஸீ வண்டிகள்தான் இந்த அளவைப் பிரபலமாக்கின. நிஜத்தில் நாலரை மீட்டர் நீளமுள்ள கார் இந்த அளவில் 16 சென்டிமீட்டர் ஆகிவிடும், ஒரு ஹால் இருந்தால் ஓட்டலாம், அதனால் நம் அபார்ட்மென்ட் வாழ்க்கைக்கு இதைவிடப் பொருத்தமான ரேஸ் கார் இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் இருக்கிற இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கின் ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், அதை 28-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 133 மீட்டர் வரும். ஒரு பெரிய கல்யாண மண்டபம் கிடைத்தால் அந்த டிராக்கையே வளைத்து வளைத்துப் போட்டுவிடலாம் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. சரி, விஷயத்துக்கு வருவோம். அளவு சுருங்கும்போது தவறுகளும் பெரிதாகின்றன. வண்டியின் உயரத்தில் 1 மில்லிமீட்டர் என்பது நிஜக் காரில் 28 மில்லிமீட்டர், ஒரு அங்குலத்துக்கும் மேல். நமக்குக் கண்ணுக்கே தெரியாத வித்தியாசம் வண்டிக்குப் பெரிய வித்தியாசம்.

பையனின் வண்டிக்கு அன்று செய்த முதல் வேலை டியூனிங்கே இல்லை. வண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, ஒவ்வொரு முன் சக்கரத்தையும் விரலால் சுண்டி விட்டோம். வலது சக்கரம் நன்றாகச் சுற்றியது. இடது சக்கரம் ஒரு சுற்று சுற்றி நின்றுவிட்டது. நட்டைக் கழற்றிச் சக்கரத்தை எடுத்துப் பார்த்தால், அச்சுக்கும் பேரிங்குக்கும் நடுவில் தலைமுடி. ஒரு முடி இல்லை, மோதிரம் மாதிரி இறுக்கமாகச் சுற்றிக்கொண்டு, அதோடு கால்மிதியின் சிவப்பு நூலும் சேர்ந்து ஒரு வளையமே இருந்தது. ஊசி முனையால் ஒரு இடத்தில் நெம்பி, ட்வீசரால் மெதுவாக இழுத்தால் சுருள் பிரிகிற மாதிரி வந்தது. சக்கரத்தைத் திரும்பப் போட்டுச் சுண்டினோம், வலது பக்கம் மாதிரியே ஓடியது. தரையில் வைத்துத் தள்ளிவிட்டால் நேராகப் போனது. இடது பக்கம் இழுத்ததற்குக் காரணம் அவ்வளவுதான். வீட்டில் ஓட்டுகிற யாரும் ஒவ்வொரு தடவை ஓட்டி முடித்த பிறகும் இதைப் பார்க்க வேண்டும்.

இந்த மாதிரிப் பார்க்க வேண்டிய இன்னும் சில உண்டு. சக்கர நட்டை முழுக்க இறுக்கினால் பேரிங் நசுங்கி சுற்றாது, இறுக்கிவிட்டுச் சக்கரம் லேசாக, மயிரிழை அளவு, வெளியே உள்ளே ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். மேல் பாடியைக் கையால் அழுத்தி ஒரு பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள், பாடியின் ஓரம் டயரில் உரசினால் வளைவில் வண்டி திடீரென்று கவிழும், காரணமே புரியாது. டயர் ரிம்மில் ஒட்டியிருக்கிறதா என்று கட்டை விரலால் திருகிப் பாருங்கள். ஒட்டாத டயர் வளைவில் ரிம்மை விட்டு நழுவும், அதற்கென்று மெல்லிய இரட்டைப் பக்க டேப் இருக்கிறது. அப்புறம் கடற்கரை ஓரம், திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் இருக்கிறவர்கள் பேரிங்கை ஒரு துளி மெல்லிய எண்ணெயோடு மூடிய டப்பாவில் வையுங்கள். உப்புக் காற்று ஜன்னல் கம்பியையே தின்கிறது, இந்தக் குட்டி பேரிங்கை விட்டுவைக்குமா?

முன் சக்கரங்கள் நேராக நிற்கிற நிலையைக் கொஞ்சம் இடமோ வலமோ நகர்த்த ரிமோட்டில் ட்ரிம் என்று ஒரு பொத்தான் இருக்கும். வண்டி இழுத்தால் உடனே அதைத் தொடாதீர்கள். ட்ரிம்மை நடுவில் வைத்து, வண்டியின் சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா, எதாவது இறுகியிருக்கிறதா என்று மேலே சொன்னதையெல்லாம் பார்த்து முடித்த பிறகும் கொஞ்சம் இழுத்தால் அப்போது ஒன்று இரண்டு புள்ளி நகர்த்தலாம். முடி சுற்றிய வண்டியை ட்ரிம்மால் நேராக்கினால் ஒரு தவறை இன்னொரு தவறால் மூடியதாக ஆகும், நாளைக்கு முடியை எடுத்ததும் வண்டி மறு பக்கம் இழுக்கும்.

இனி தரையும் டயரும். என்னைக் கேட்டால் முக்கால்வாசி டியூனிங் இங்கேயே முடிந்துவிடும்.

டயரின் மென்மையை எண்ணால் சொல்வார்கள், 20 டிகிரி, 30 டிகிரி, 40 டிகிரி என்று. இது கோணம் இல்லை, ரப்பரின் கடினம். எண் குறையக் குறைய ரப்பர் மென்மை, மென்மையானது அதிகம் பிடிக்கும், சீக்கிரம் தேயும். நகத்தால் அழுத்திப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். பின் சக்கரங்களை மட்டும் மோட்டார் சுற்றுகிற வண்டியில் பின்னால் மென்மையான டயரும் முன்னால் அதைவிடக் கடினமான டயரும் போடுவது வழக்கம். ஏனென்றால் பின் டயருக்கு இரண்டு வேலை: வண்டியைத் தள்ளவும் வேண்டும், வளைவில் பக்கவாட்டில் வழுக்காமல் பிடிக்கவும் வேண்டும். முன் டயர் அதிகம் பிடித்துப் பின் டயர் குறைவாகப் பிடித்தால் மூக்கு உள்ளே போகும், வால் வெளியே வீசும், வண்டி சுற்றிவிடும்.

தரை என்று எடுத்துக்கொண்டால், பளபளக்கும் விட்ரிஃபைட் டைல்தான் மிகக் கஷ்டம். மேலே மெல்லிய தூசிப் படலம் எப்போதும் இருக்கும், ஃபேன் போட்டால் இன்னும் வந்து படியும். ஓட்டுவதற்கு முன் ஈரத் துணியால் துடைத்து, நன்றாகக் காய விட்டு, அப்புறம் ஓட்டுங்கள், இந்த ஒன்றுக்கே வண்டி மாறிவிட்ட மாதிரி இருக்கும். பழைய வீடுகளின் மொசைக் தரை பரவாயில்லை. மொட்டை மாடியில் பதித்த ஓடு இந்த அளவு வண்டிக்குச் சரிவராது, ஓடுகளுக்கு நடுவில் இருக்கிற இடுக்குகள் நமக்கு ஒன்றுமில்லை, அதற்கு அது வாய்க்கால். கோலமாவில் டிராக் கோடு போடலாமா என்று கேட்பார்கள், வேண்டாம், மாவு டயரில் ஒட்டினால் பிடிப்பு போய்விடும். சாக்பீஸும் அப்படித்தான், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பழைய ஹோஸ் பைப்பை வளைத்துப் போட்டால் கோடும் ஆச்சு, சுவரும் ஆச்சு. குழந்தைகள் விளையாட விரிக்கிற, ஒன்றோடொன்று கோக்கும் ஃபோம் பாய் இருக்கிறதல்லவா, இந்த அளவு வண்டிகளுக்கான ரேஸ் டிராக்குகள் பலவற்றையே அதே வகை ஃபோமில்தான் செய்கிறார்கள். அதில் ரப்பர் அபாரமாகப் பிடிக்கும். டைலில் வழுக்கின அதே டயர் ஃபோமில் அளவுக்கு மீறிப் பிடித்து வண்டியைக் கவிழ்த்துவிடும். அதனால் “எந்த டயர் நல்லது” என்ற கேள்விக்கு “எந்தத் தரையில்” என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

அடுத்தது எடை நகர்வது. 29சி பஸ்ஸில் நின்றுகொண்டு போயிருக்கிறீர்களா? டிரைவர் பிரேக் போட்டால் எல்லோரும் முன்னால் சாய்வோம், கிளப்பினால் பின்னால், அடையாறு பக்கம் வளைத்தால் வளைவுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து பக்கத்தில் இருப்பவர் மேல் விழுவோம். வண்டியின் எடையும் இதே மாதிரிதான் நகர்கிறது. பிரேக் போடும்போது முன் டயர்கள் தரையில் அழுந்தும், பின் டயர்கள் லேசாகும். வேகம் கொடுக்கும்போது தலைகீழ். வளைவில் வெளிப்பக்க டயர்கள் சுமக்கும், உள்பக்கம் தொங்கும்.

இங்கே ஒரு நுணுக்கம், இதைப் புரிந்துகொண்டால் ஸ்பிரிங் புரிந்துவிடும். ஒரு டயர் மேல் இரண்டு மடங்கு எடை வந்தால் அதன் பிடிப்பு இரண்டு மடங்கு ஆவதில்லை, கொஞ்சம் குறைவாகத்தான் கூடும். ஒரே ஆள் இரண்டு குடம் தண்ணீரை மாடிக்குத் தூக்குவதற்கும், இரண்டு பேர் ஆளுக்கொரு குடம் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. இரண்டு டயரும் பங்கு போட்டுக்கொண்டால் மொத்தப் பிடிப்பு அதிகம், ஒன்றே எல்லாவற்றையும் சுமந்தால் மொத்தம் குறைவு. வண்டியின் எந்த முனை விறைப்பாக இருக்கிறதோ அந்த முனையில் வளைவின்போது எடை வெளிப்பக்க டயருக்கு அதிகமாகப் போகும், ஆகவே அந்த முனை பிடிப்பை இழக்கும். முன்னால் மென்மையான ஸ்பிரிங் போட்டால் மூக்கு நன்றாகத் திரும்பும், கடினமானது போட்டால் திரும்பத் தயங்கும். பின்பக்கம் பல வண்டிகளில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக டி வடிவத்தில் ஒரு மெல்லிய தட்டு இருக்கும், பள்ளிக்கூட ஸ்கேலை வளைக்கிற மாதிரி அது வளையும், முறுக்கிக்கொடுக்கும். ஃபைபர் தட்டு, கார்பன் தட்டு என்று விறைப்பு மாறும். வால் வீசினால் மென்மையான தட்டு, மூக்கு திரும்பவில்லை என்றால் விறைப்பான தட்டு. கணக்கு அதேதான், இடம்தான் மாறுகிறது.

கேம்பர் என்பது வண்டியை முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கிற கோணம். மேல் பக்கம் உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ். வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாயும்போது வெளிச் சக்கரமும் கூடவே சாய்ந்து ஓரத்தில் நிற்கும், முன்கூட்டியே கொஞ்சம் உள்ளே சாய்த்து வைத்தால் அந்த நேரத்தில் டயர் முழு அகலத்தோடு தரையில் உட்காரும். ஒன்று இரண்டு டிகிரி போதும். சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கருவி வேண்டாம். டயரின் மேல் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு தேய்த்துவிட்டு இரண்டே சுற்று ஓட்டி எடுத்துப் பாருங்கள். உள் ஓரத்தில் மட்டும் அழிந்திருந்தால் சாய்வு அதிகம், வெளி ஓரத்தில் மட்டும் அழிந்திருந்தால் போதவில்லை. பார்த்ததும் டயரைத் துடைத்துவிடுங்கள்.

டோ என்பது மேலிருந்து பார்க்கிற கோணம். நம் பாதங்களை உள்பக்கம் திருப்பி வைத்து நின்றால் டோ-இன், வெளிப்பக்கம் திருப்பினால் டோ-அவுட். முன் சக்கரம் கொஞ்சம் வெளியே பார்த்தால் வண்டி சொன்னதும் சட்டென்று திரும்பும், ஆனால் நேர்ப் பாதையில் துடிக்கும். உள்ளே பார்த்தால் நேராக ஓடும், திரும்பச் சோம்பும். ஆரம்பத்தில் சுழியத்தில் வைத்துவிட்டு ஓட்டப் பழகுங்கள்.

உயரத்தை அளக்க ஏடிஎம் கார்டு போதும். அதன் தடிமன் 0.76 மில்லிமீட்டர், உலகம் முழுக்க ஒரே அளவு. பாட்டரி போட்ட வண்டியைக் கண்ணாடி மாதிரி சமமான பரப்பில் நிறுத்தி, அடியில் இரண்டு கார்டை ஒன்றாக நுழைத்தால் உரசாமல் போகிறதா பாருங்கள், போனால் 1.5 மில்லிமீட்டர் இருக்கிறது. முன்னும் பின்னும் ஒரே மாதிரி நுழைய வேண்டும். தாழ்வாக இருந்தால் சுலபத்தில் கவிழாது, ரொம்பத் தாழ்ந்தால் டைல் இணைப்புகளில் வயிறு தட்டும்.

கியரைப் பற்றிச் சுருக்கமாக: மோட்டாரில் இருக்கிற குட்டிப் பல்சக்கரம் பினியன், அச்சில் இருக்கிற பெரியது ஸ்பர். ஸ்பரில் 44 பல்லும் பினியனில் 8 பல்லும் இருந்தால் 44-ஐ 8-ஆல் வகுத்து 5.5, அதாவது மோட்டார் ஐந்தரை தடவை சுற்றினால் சக்கரம் ஒரு தடவை. பினியனை 9 பல் ஆக்கினால் 4.89 ஆகிவிடும், கடைசி வேகம் கூடும், ஆனால் வளைவிலிருந்து கிளம்புகிற உதைப்பு குறையும், மோட்டாரும் அதிகம் சுடும். ஹாலில் ஓட்டுகிற நமக்கு நீளமான நேர்ப் பாதையே கிடையாது, அதனால் சிறிய பினியன்தான் நல்லது. ஓட்டி முடித்ததும் மோட்டாரில் விரலை வைத்துப் பாருங்கள், மூன்று எண்ணுவதற்குள் விரலை எடுக்க வேண்டியிருந்தால் பினியன் பெரிது.

டிஃப் என்கிற டிஃபரென்ஷியல் எதற்கு? இரண்டு பின் சக்கரங்களுக்கு நடுவில் 7 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஒரு முழு யூ-டர்ன் போட்டால் வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட 22 சென்டிமீட்டர் அதிகம் ஓடுகிறது. வளைவு பெரிதோ சிறிதோ, கணக்கு மாறாது, இடைவெளியை π-ஆல், அதாவது 3.14-ஆல், பெருக்கினால் வந்துவிடும். இரண்டு சக்கரத்தையும் ஒரே இரும்புக் கம்பியில் மாட்டினால் இந்த 22 சென்டிமீட்டருக்கு ஏதாவது ஒன்று தரையில் தேய்ந்தே ஆகவேண்டும், டிஃப் இருந்தால் தேய வேண்டாம். உள்ளே குட்டிக் குண்டுகள் வைத்த பால் டிஃப்பாக (ball diff) இருந்தால் அதன் இறுக்கத்தை மாற்றலாம். ஸ்பரைக் கட்டை விரலால் பிடித்துக்கொண்டு ஒரு சக்கரத்தைத் திருப்பினால் மற்றது எதிர்ப்பக்கம் வழவழவென்று திரும்ப வேண்டும், கரகரவென்றால் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

பாட்டரியில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். மினி-ஸீ வகையில் நான்கு ட்ரிபிள்-ஏ செல் போடுவார்கள். கடையில் கிடைக்கிற அல்கலைன் செல்லில் 1.5 வோல்ட் என்று எழுதியிருக்கும், ரீசார்ஜ் செய்கிற நிக்கல் செல்லில் 1.2 வோல்ட். பார்த்தால் அல்கலைன் அதிகம் மாதிரி இருக்கும், ஆனால் மோட்டார் ஒரே அடியாக மின்சாரம் கேட்கும்போது அது தள்ளாடிவிடும், நிக்கல் செல் கொடுத்துக்கொண்டே இருக்கும். நான்கையும் ஒரே நாளில் வாங்கி, மார்க்கரால் ஒரே எண் போட்டு, எப்போதும் சேர்த்தே பயன்படுத்துங்கள். சித்திரை வைகாசியில் ஓட்டி எடுத்த சூட்டோடு சார்ஜரில் செருகாதீர்கள், கையில் வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறட்டும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு ஒருவர் செய்கிற தவறு ஒன்று இருக்கிறது, நானும் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முன் டயர், முன் ஸ்பிரிங், பினியன் மூன்றையும் ஒன்றாக மாற்றினேன். வண்டி அருமையாக ஓடியது. அடுத்த வாரம் வேறு தரையில் மோசமாக ஓடியது. எந்த மாற்றம் உதவியது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க எனக்கு வழியே இல்லை, எல்லாவற்றையும் பழையபடி கழற்றி மாட்டி ஒவ்வொன்றாக மறுபடி பார்த்ததில் இரண்டு வார இறுதி போயிற்று. அதிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். மாற்றுவதற்கு முன் பத்துச் சுற்றின் நேரம், மாற்றிய பிறகு பத்துச் சுற்றின் நேரம், தேதி, தரை, எல்லாம் நோட்டில் எழுதிவிடுவேன்.

அப்புறம் “வண்டி சரியில்லை” என்று எழுதினால் ஒன்றும் புரியாது, வளைவில் எந்த இடத்தில் சரியில்லை என்று எழுத வேண்டும். வளைவுக்குள் நுழையும்போது பிரேக் போட்டிருப்பீர்கள், எடை முன்னால் இருக்கும், அங்கே வால் வீசினால் பிரேக்கை மெதுவாகப் போட்டுப் பாருங்கள், இல்லையென்றால் முன்பக்கப் பிடிப்பைக் குறையுங்கள். வளைவின் நடுவில், பிரேக்கும் இல்லை ஆக்ஸிலரேட்டரும் இல்லை என்கிற நேரத்தில் மூக்கு தள்ளிக்கொண்டு போனால் முன் ஸ்பிரிங், கேம்பர் பக்கம் பாருங்கள். வெளியே வரும்போது ரிமோட்டில் வேகம் கொடுக்கிற ட்ரிகரை அழுத்தியதும் சுற்றினால் அது பின் டயரும் பின் தட்டும் சம்பந்தப்பட்டது, உங்கள் விரலும் சம்பந்தப்பட்டது.

பையனிடம் இதைத்தான் கேட்டேன். “எப்பப்பா சுத்துது, உள்ள போகும்போதா, வெளிய வரும்போதா?” அவன் யோசித்துவிட்டு, “ரெண்டுலயும் அங்கிள்” என்றான். இரண்டிலும் சுற்றினால் அடிப்படையே மாறியிருக்கிறது என்று அர்த்தம். நான்கு சக்கரத்தையும் கழற்றித் துண்டின் மேல் வரிசையாக வைத்து, ஒவ்வொரு டயரையும் அவனையே நகத்தால் அழுத்திப் பார்க்கச் சொன்னேன். முதல் இரண்டை அழுத்தினான், அடுத்த இரண்டை அழுத்தினான், மறுபடி முதல் இரண்டுக்கு வந்தான். “முன்னாடிதான் சாஃப்டா இருக்கு” என்றான். டயர் பாக்கெட் வாங்கும்போது எண்ணை மாற்றி வாங்கியிருக்கிறான், முன்னால் 20, பின்னால் 40.

முன் ரிம்மும் பின் ரிம்மும் வேறு வேறு அகலம், அந்த டயரையே இடம் மாற்ற முடியவில்லை. என் டப்பாவில் இருந்த 30 டிகிரி பின் டயர் ஒரு ஜோடியை டேப் போட்டு ஒட்டிக்கொடுத்தேன், முன்னால் இன்னொரு ஜோடி 40. இது இரண்டு மாற்றம்தானே என்று கேட்பீர்கள், டயர் எண் முன்னும் பின்னும் மாறிப்போன தவறைத் திருத்துவதால் இதை மட்டும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளலாம் என்று அவனிடமும் சொன்னேன். ஹாலைத் துடைத்தோம், ஹோஸ் பைப்பை விரித்தோம். முன்பு பத்துச் சுற்றுக்கு 91 விநாடி, அதில் மூன்று தடவை சுற்றல். இப்போது 78 விநாடி, ஒரு தடவை மட்டும், அதுவும் சோபா கால் பக்கம் இருக்கிற இறுக்கமான வளைவில், ட்ரிகரை அவசரமாக அழுத்தியதால். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவன் எழுதினான்: “சனி, அங்கிள் ஹால், டைல், துடைத்தது. முன் 40, பின் 30. 78. சோபா வளைவில் வெளியே வரும்போது.” அவ்வளவு எழுதிவிட்டு, “அடுத்து தட்டை மாத்திப் பாக்கலாமா அங்கிள்?” என்று கேட்டான். இதே டயரோடு இன்னும் ஐம்பது சுற்று ஓட்டிட்டு வா என்று சொல்லி அனுப்பினேன்.